வீடு திரும்பிய இதய நோயாளியும் நமது பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் எங்கள் குழு எழுந்து நிற்பது கணக்குச் சொல்வதற்காகத்தான். எத்தனை குடும்பங்களுக்கு மருத்துவ உதவி வழங்கினோம், எவ்வளவு தொகை வசூலாயிற்று, மீதம் எவ்வளவு என்று வாசித்துவிட்டு அமர்ந்துவிடுவோம். அந்தக் கணக்கு இம்மலரின் பிற்பகுதியில் அச்சாகியுள்ளது. அதை இங்கு மீண்டும் வாசிக்கப் போவதில்லை. அந்தக் கணக்கில் இடம்பெறாத ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கே இன்று நிர்வாகக் குழுவிடம் அரை மணி நேரம் கேட்டுப் பெற்றோம். அது எங்கள் பணியில் நேர்ந்த ஒரு குறை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, நகரத்து மருத்துவமனை ஒன்றில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் தொகை போக எஞ்சிய செலவுக்கு ஜும்ஆ அன்று நாம் அனைவரும் கொடுத்தோம். பத்து நாட்களில் அவர் வீடு திரும்பினார். தெருவே திரண்டு வந்து பார்த்தது. முன்னறையில் கட்டில் போடப்பட்டது. "அத்தா, நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம், எது வேண்டுமானாலும் குரல் கொடுங்கள்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். தண்ணீர் கட்டிலுக்கே வந்தது; உணவு கட்டிலுக்கே வந்தது. எங்கள் குழுவினர் மூன்று முறை சென்று பார்த்தோம். மூன்று முறையும் அவர் படுத்திருந்தார். நல்ல ஓய்வில் இருக்கின்றார் என்று மகிழ்ந்து, கொண்டு சென்ற பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

எட்டாவது மாதத்தில் மூச்சிரைப்பும் கால் வீக்கமும் கண்டு அவர் மீண்டும் அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது உடன் சென்றிருந்த எங்களிடம், அங்கிருந்த இயன்முறை மருத்துவரான பெண்மணி பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "பயிற்சிக்கு எத்தனை முறை வந்தார்?" எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சீட்டின் கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்கும் கீழே, இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் இருமுறை வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. வீட்டார் அதைப் படிக்கவில்லை. படித்துச் சொல்லியிருக்க வேண்டிய நாங்களும் படிக்கவில்லை. பில் தொகையை மட்டும் இரண்டு முறை சரிபார்த்திருந்தோம்.

பயிற்சிக்குப் போயிருந்தால் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டிருக்கவே மாட்டார் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் மருத்துவர்கள் சிகிச்சையின் ஒரு பகுதியாக எழுதிக் கொடுத்த ஒன்று, ஒரு நாள்கூட நடைபெறாமல் போயிற்று. மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டால் பதறும் நாம், இதைத் தவறவிட்டது தெரியாமலேயே எட்டு மாதங்களைக் கழித்தோம். அதன் பிறகுதான் இதைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் தொடங்கினோம்.

இதய மறுவாழ்வுப் பயிற்சி என்பது என்ன? மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், பைபாஸ் அல்லது வால்வு அறுவை செய்துகொண்டவர்கள், இதயம் பலவீனமடைந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவமனையை விட்டு வந்த பின் அளிக்கப்படும் முறையான சிகிச்சை அது. முதலில் ஒருவரால் எவ்வளவு நடக்க இயலும் என்று அளந்து பார்க்கின்றார்கள். முப்பது மீட்டர் நீளமுள்ள நடைபாதையில் ஆறு நிமிடங்கள் நடக்கச் செய்து, கடந்த தூரத்தைக் குறித்துக்கொள்வது அதில் எளிய முறை. பின்னர் அவரவர் நிலைக்கேற்ப நடை, சைக்கிள் மிதித்தல், கை கால் பயிற்சி என்று சிறுகச் சிறுகக் கூட்டுகின்றார்கள். நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படுகின்றன. தேவைப்படுவோருக்குப் பயிற்சியின்போதே ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும். அத்துடன் உணவு, மாத்திரை, புகையை நிறுத்துதல், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் ஆலோசனை உண்டு. இப்பயிற்சி மருத்துவமனைப் படுக்கையிலேயே தொடங்கி, வீடு திரும்பிய பின் சுமார் மூன்று மாதங்கள் நீடிக்கின்றது. அதற்குப் பின் அது அவரது அன்றாடப் பழக்கமாக வேண்டும். ஆரோக்கியமானவர்கள் உடலை முறுக்கேற்றச் செய்யும் ஜிம் பயிற்சியோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

"இதயம் பலவீனமாயிருக்கும்போது படுத்திருப்பதுதானே பாதுகாப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரங்கள் வரை படுக்கையிலேயே கிடத்தி வைப்பது வழக்கமாயிருந்தது. தாமாக எழுந்து அமர்வதற்குக்கூட அனுமதியில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லௌன் என்ற இரு மருத்துவர்கள் 1952இல் இதற்கு மாறாக, நோயாளிகளை ஆரம்ப நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் அமர வைத்துப் பார்த்து, அதனால் தீங்கில்லை என்று எழுதினார்கள். வெறும் நாற்காலிதான். அதுவே அன்று துணிச்சலாகக் கருதப்பட்டது! 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான பால் டட்லி ஒயிட், அவர் படிப்படியாக நடமாடவும் பணிக்குத் திரும்பவும் ஊக்கமளித்தார். அடுத்த ஆண்டே ஐசனோவர் மீண்டும் தேர்தலில் நின்று வென்று, 1961 வரை பதவி வகித்தார்.

படுக்கை உடலுக்கு என்ன செய்கின்றது என்பதைக் காட்டிய மற்றொரு சோதனையையும் சொல்லியாக வேண்டும். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், எந்த நோயுமில்லாத இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். எழுந்தபோது அவர்களது உடல் உழைக்கும் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது. இருபது வயது ஆரோக்கியமான உடலுக்கே இக்கதி என்றால், அறுபது வயதில் நெஞ்செலும்பு அறுக்கப்பட்டு வந்த நம் சகோதரரை எட்டு மாதங்கள் கட்டிலில் வைத்து என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். அன்பினால்தான் செய்தோம். ஆனாலும் செய்தோம்.

இப்பயிற்சியின் பலன் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகள் பல. அவற்றில் 85 ஆய்வுகளை ஒன்று திரட்டி, 23,430 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு 2021இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பயிற்சி பெற்றவர்களிடையே இதய நோயினால் ஏற்படும் மரணமும், மறுபடி மாரடைப்பு வருவதும், மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதும் குறைந்திருந்தன. பயிற்சியில் பெயர் பதிவதோடு பலன் வந்துவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் 36 முறை பயிற்சி அனுமதிக்கப்படுகின்றது. அதில் சேர்ந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. 36 முறையும் வந்தவர்களுக்கு, 24 முறை வந்தவர்களைவிட மரண வாய்ப்பு 14 விழுக்காடு குறைவு. 12 முறை வந்தவர்களைவிட 22 விழுக்காடு குறைவு. ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டவர்களைவிட 47 விழுக்காடு குறைவு. ஓரளவு நலமாயிருப்பவர்களே தொடர்ந்து வரவும் முடிகின்றது என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. எனினும் படிக்கட்டுப் போல இறங்கும் இந்த எண்களைப் புறக்கணிக்கவும் முடியாது.

நம் நாட்டிலும் ஓர் ஆய்வு நடந்துள்ளது. 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அப்பெயரைக் கேட்டதும் நம்மில் சிலருக்குத் தயக்கம் எழுவதை அறிவோம். அந்த விவாதத்திற்குள் நாங்கள் இங்கு நுழையவில்லை. அந்த ஆய்வை நாங்கள் எடுத்துக்கொண்டது வேறு காரணத்திற்காக. மொத்தத்தில் பார்க்கும்போது மரணம், மறு மாரடைப்பு ஆகியவற்றில் திட்டவட்டமான வேறுபாடு தென்படவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாகக் கூறினார்கள். பழைய வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். பதின்மூன்று வகுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வந்தவர்களிடம் பலன் கூடுதலாகக் காணப்பட்டது. இங்கும் கேள்வி, தொடர்ந்து வந்தார்களா என்பதில்தான் வந்து நிற்கின்றது.

இவ்வளவு பலனிருந்தும் மக்கள் ஏன் போவதில்லை? வசதி மிகுந்த நாடுகளிலேயே தகுதியுள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்பயிற்சிக்குப் போவதில்லை. ஆகவே இதை நம் மக்களின் அறியாமை என்று சொல்லி ஒதுக்குவது நியாயமன்று. கடந்த சில மாதங்களில், இதய சிகிச்சை பெற்று வந்த நம் மஹல்லாவினரின் வீடுகளுக்குச் சென்று நாங்களே கேட்டறிந்தவற்றைச் சொல்கின்றோம்.

தினக்கூலிக்குச் செல்லும் ஒரு சகோதரர் சொன்னார்: "வாரம் இரண்டு நாள் டவுனுக்குப் போனால் இரண்டு நாள் கூலி போகும், கூட வரும் மகனுக்கும் கூலி போகும், பஸ் செலவு தனி." காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்குக் கைகொடுக்கின்றது, இழந்த கூலியை அது ஈடு செய்வதில்லை. இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. மற்றொருவருக்கு ஸ்டென்ட் பொருத்தி மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். நெஞ்சு வலி அடியோடு போய்விட்டது. "அடைப்பை எடுத்துவிட்டார்கள், இனி எனக்கு என்ன பயிற்சி?" என்று சிரிக்கின்றார். ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பைத் திறந்து வைக்கின்றது. அந்த அடைப்பை உண்டாக்கிய சர்க்கரையும், கொழுப்பும், பீடியும், அசையாத வாழ்க்கையும் அப்படியே இருக்கின்றன என்பதை அவரிடம் விளக்க நெடுநேரம் ஆயிற்று. இன்னொருவருக்குப் பயம். நடக்கும்போது இதயம் படபடவென்று அடித்துக்கொள்வதைக் கேட்டவுடன் மறுபடி வந்துவிட்டதோ என்று திண்ணையில் அமர்ந்துவிடுகின்றார். இத்தகையவருக்குத்தான் பயிற்சி மையம் மிகவும் தேவை. கருவியும் மருத்துவரும் அருகிலிருக்க, ஒரு முறை வேகமாக நடந்து ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பின்பே அந்தப் பயம் நீங்கும்.

சகோதரிகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியுள்ளது. பெண்களுக்கு மாரடைப்பு வராது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கின்றது. வருகின்றது. பயிற்சியில் சேர்வோரில் ஆண்களைவிடப் பெண்கள் குறைவு என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. நம் வீடுகளில் அது இன்னும் குறைவு. துணைக்கு ஆள் இல்லை. பயிற்சி தருபவர் ஆணாக இருப்பாரோ என்ற கூச்சம். தனக்காக வீட்டார் செலவழிக்க வேண்டாம் என்ற எண்ணம். அத்தாவை ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்க விடாத அதே வீட்டில், அம்மா பைபாஸ் முடிந்து மூன்றாம் வாரத்தில் மாவு ஆட்டிக்கொண்டும் குடம் தூக்கிக்கொண்டும் இருந்ததைக் கண்டோம். முன்னது தவறு, பின்னது அதைவிட ஆபத்தான தவறு. அறுத்துக் கம்பியால் இணைக்கப்பட்ட நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களாவது ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கவோ, தள்ளவோ, இழுக்கவோ கூடாது. நடக்கலாம், நடக்கவும் வேண்டும். நகரத்து மையங்களில் பெண் இயன்முறை மருத்துவர்கள் பணிபுரிகின்றார்கள். கேட்டால் ஏற்பாடு செய்து தருகின்றார்கள். வீட்டு ஆண்கள் கேட்க வேண்டும்.

இனி, எது பயனளிக்கின்றது என்பதற்கு வருவோம். கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் 11 மருத்துவமனைகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு எங்களுக்கு மிகவும் உதவிற்று. மருத்துவர் நினைவு வைத்து எழுதினால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற வழக்கமான முறையில், பத்தில் மூவரே பயிற்சியில் சேர்ந்தார்கள். தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் தானாகவே பரிந்துரைச் சீட்டு எழுதப்பட்டு, அதோடு ஒருவர் படுக்கையருகே வந்தமர்ந்து பயிற்சியைப் பற்றி எடுத்துச் சொன்ன இடங்களில், நால்வரில் ஏறத்தாழ மூவர் சேர்ந்தார்கள். அங்கே புதிய மருந்தோ புதிய கருவியோ எதுவுமில்லை. ஒரு சீட்டும், அருகில் அமர்ந்து பேச ஒரு மனிதரும் மட்டுமே. பரிந்துரைச் சீட்டு எழுதுவது மருத்துவமனையின் வேலை. அருகில் அமர்ந்து பேசுவதற்கு, நோயாளியைப் பார்க்கச் செல்வதைக் கடமையாகக் கொண்ட நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? நாம்தான் ஏற்கனவே போகின்றோமே! வெறுங்கையோடு போகக் கூடாதென்று பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிச் செல்கின்றோம். இனி "டிஸ்சார்ஜ் சீட்டை எடுங்கள், கடைசிப் பக்கத்தைப் பார்ப்போம்" என்றும் கேட்போம்.

நகரம் வெகு தொலைவு, மையமும் அருகில் இல்லை என்றால் என்ன செய்வது? வீட்டிலிருந்தபடியே முறையாகச் செய்யும் பயிற்சி, ஆபத்துக் குறைந்த நோயாளிகளுக்கு மையத்தில் செய்வதற்கு ஏறத்தாழ ஈடான பலனைத் தருகின்றது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயமே. ஆனால் முதலில் ஒரு முறையேனும் மருத்துவரிடம் அளந்து பார்த்து, எவ்வளவு செய்யலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் அதில் அடங்கும். மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் தொடங்கிய திட்டத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் புதிதாக வீடு திரும்பியவர் எட்டு கிலோமீட்டரைப் பற்றி நினைக்கவே கூடாது.

பொதுவாக எப்படித் தொடங்கச் சொல்கின்றார்கள் என்பதைக் கூறுகின்றோம். இது அவரவர் மருத்துவரின் சொல்லுக்கு மாற்றன்று. வீடு திரும்பிய முதல் வாரத்தில் சமதரையில் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. உடல் ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ள, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுவது. ஆறு வாரத்தில் தொடர்ந்து அரை மணி நேரம் என்ற அளவை எட்டப் பார்ப்பது. தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக நடக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. நடக்கும்போது உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். வயிறு நிறைய உண்டபின் ஒரு மணி நேரமாவது நடக்கலாகாது. நண்பகல் வெயிலும் வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், மிகுந்த படபடப்பு கண்டால் உடனே அமர்ந்துவிட வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அமர்ந்தபடி வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். மகனுக்குப் போன் போட்டு, அவன் கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை காத்திருப்பது நம் ஊர் வழக்கம். அதை விட்டுவிடுவோம்.

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்டார்கள். பைபாஸ் முடிந்தவர் ஸஜ்தாவிலிருந்து எழும்போது உடல் எடை கைகளில் இறங்கி, கூடாத நெஞ்செலும்பை இழுக்கின்றது. எலும்பு கூடும்வரை நாற்காலியில் அமர்ந்து தொழுவதைப் பற்றி மருத்துவரிடமும் நம் ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்வரிசையில் நாற்காலிகள் போடப்பட்டுள்ளன. அதில் அமர வெட்கப்பட்டே பள்ளிக்கு வராமல் வீட்டோடு இருந்துவிட்ட இருவரை நாங்கள் அறிவோம். பள்ளிக்கு நடந்து வருவதே அவர்களுக்குச் சிகிச்சையாக இருந்திருக்கும். நோன்பைப் பொறுத்தவரை, மாரடைப்போ அறுவையோ முடிந்த முதல் மாதங்களில் நோன்பு வைக்க வேண்டாமென்றே மருத்துவர்கள் பொதுவாகக் கூறுகின்றார்கள். பின்னர் நிலைமை சீரானவர்களுக்கு, மாத்திரை வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தர முடியுமா என்று பார்ப்பார்கள். நீர் வெளியேற்றும் மாத்திரை உண்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ரமலான் பிறை பார்த்த பிறகு ஓடாமல், ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகையை ஆலிம்கள் விளக்குவார்கள். அது எங்கள் எல்லைக்கு உட்பட்டதன்று.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்க இருவகை மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கின்றார்கள். மாரடைப்புக்குப் பின் பெரும்பாலும் ஓராண்டு வரை அது தொடரும். பல் பிடுங்க வேண்டியிருந்தாலும், வயிற்றெரிச்சல் வந்தாலும், பக்கத்து வீட்டார் நாட்டு மருந்து சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தலாகாது. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பை மட்டும் யாரும் உப்பாகக் கருதுவதில்லை.

மனத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகின்றது. எதற்கெடுத்தாலும் எரிச்சல், உறக்கமின்மை, பேரப்பிள்ளைகளைக்கூட அருகே வரவிடாமை என்று அது வெளிப்படும். அதை ஈமானின் குறைவு என்று எண்ணி உபதேசம் செய்வதால் நோயாளி மேலும் ஒடுங்கிப் போகின்றார். பயிற்சி மையத்தில் தம்மைப் போலவே தழும்போடு வந்த பத்துப் பேரைக் காண்பதே பாதி மருந்து என்று, அங்கு சென்றுவந்த ஒருவர் எங்களிடம் கூறினார். மற்றொன்று, கணவன் மனைவி உறவு பற்றியது. கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் வீணாக அஞ்சிக் கிடக்கின்றனர். இரண்டு மாடிப் படியேறி மூச்சிரைப்போ வலியோ இல்லாதவருக்கு அதற்கும் பொதுவாகத் தடையில்லை என்பதே மருத்துவர்கள் சொல்வது. தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்ணாதீர்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.

இப்போது எங்கள் கோரிக்கைக்கு வருகின்றோம். இதுவரை மருத்துவ உதவி நிதியிலிருந்து அறுவைக்கும் மருந்துக்கும் மட்டுமே வழங்கி வந்தோம். வருகின்ற ஆண்டு முதல் இதய சிகிச்சைக்கு உதவி பெறும் ஒவ்வொருவருக்கும், மூன்று மாதப் பயிற்சிக்கான போக்குவரத்துச் செலவையும், தினக்கூலிக்காரராயின் அந்த நாட்களுக்கு ஒரு சிறு தொகையையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கின்றோம். நிதி போதாது என்ற ஆட்சேபம் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரே நபர் இரண்டாவது முறை சேர்க்கப்பட்டபோது நாம் கொடுத்த தொகை கணக்கில் இருக்கின்றது; அதை அந்த ஆட்சேபத்தின் அருகில் வைத்துப் பார்க்கும்படி வேண்டுகின்றோம்.

பணம் செலவாகாத கோரிக்கை ஒன்றும் உண்டு. வீடு திரும்பிய ஒவ்வொருவருக்கும் நடைத்துணையாக ஒருவர் வேண்டும். அஸருக்குப் பின் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள், மூன்று மாதம். ஓய்வு பெற்றவர்களும் கல்லூரி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளும் முன்வரலாம். சகோதரிகளுக்குச் சகோதரிகளே துணை செல்ல வேண்டும். அதற்கு மதரஸாவின் பின்புற மைதானத்தைக் காலை நேரத்தில் திறந்துவிட முத்தவல்லி அவர்கள் இசைந்துள்ளார்கள். பெயர் எழுத மோதினார் அவர்களிடம் ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். சகோதரிகள் மதரஸா உஸ்தாதாவிடம் சொன்னால் போதும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட சகோதரர் இரண்டாம் முறை வீடு திரும்பிய பின் பயிற்சிக்குச் சென்றார். இருபத்து நான்கு வகுப்புகளில் மூன்றை மட்டுமே தவறவிட்டார்; அந்த மூன்றும் மழையினால். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். அதைத் திரும்பப் பெறும் எண்ணமில்லை. முதல் வாரத்தில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர மூன்று இடங்களில் அமர வேண்டியிருந்தது. இப்போது தேநீர்க்கடைத் திண்ணையில் மட்டும் அமர்கின்றார். அதுவும் களைப்பினாலா, கடைக்காரரோடு பேசவா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. குறிப்பேட்டில் நடைத்துணைக்கு முன்வந்தோர் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.